கடலுக்கு அடியில் ஒரு போன் நம்பர்

அத்தியாயம் 4

பெங்களூர் மழைக்கு வெட்கம், மானம் ஒன்றும் கிடையாது. மொட்டை மாடியில் யாராவது துணி காயப்போட்டால் போதும், எங்கிருந்தோ ஓடி வந்துவிடும். அன்று மதியமும் அப்படித்தான் வந்தது. லிங்கராஜபுரத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த தன் துப்பறியும் ஏஜென்சியின் ஜன்னலைச் சாத்திவிட்டு, டீனா போனைத் திருப்பிப் பார்த்தாள்.

காலையில் மெல்போர்னில் இருக்கும் மகன் சஞ்சய்க்கு அனுப்பிய வரி அப்படியே கிடந்தது. 'மழை வரும் போல இருக்கு. அங்க எப்படி?' கீழே இரண்டு டிக், இரண்டும் சாம்பல் நிறம். டீனா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள். கணவர் இறந்த பிறகு சொந்தமாக ஏஜென்சி போட்டாள். இந்த ஊரில் எவன் எந்தச் சந்தில் ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பெற்ற பிள்ளை இன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

"மொறைச்சா பதில் வராது மேடம். நான் ட்ரை பண்ணியிருக்கேன்," என்றான் ராகேஷ். அவளுடைய உதவியாளன், ஜோகுபாளையத்துக்காரன். வாய்க்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது.

"வாயை மூடு. க்ளையன்ட் வந்திருக்காங்க."

எதிரே அனன்யா உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப் பை. கையில் பழைய போன் ஒன்று, பூப்போட்ட உறையோடு. அழுது முடித்த முகம்.

"அப்பா பேர் சீனிவாசராகவன். ஸ்டேட் கவர்ன்மென்ட்ல எஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா போயி ஒரு வருஷம் ஆறது. மல்லேஸ்வரம் வீட்டுல தனியாத்தான் இருக்கார். நான் சர்ஜாபூர் ரோட்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். இந்த ஞாயித்துக்கிழமை எடுக்கலை. முந்தாநாள் போய்ப் பார்த்தா வீடு பூட்டியிருக்கு. என் சாவியைப் போட்டுத் திறந்தேன். டைனிங் டேபிள்ல இந்த போன் சார்ஜ்ல இருந்தது. அம்மாவோடது."

"இறந்துபோனவங்க போன் எப்படி ஓடுது?"

"அப்பா ரீசார்ஜ் பண்ணிண்டே இருந்திருக்கார். அதுமட்டுமில்லை மேடம். அம்மாவுக்கு தினமும் மெசேஜ் அனுப்பிண்டு இருக்கார்." அனன்யாவின் குரல் உடைந்தது. "ஒரு கப்பல்லேர்ந்து."

டீனா போனை வாங்கிப் பார்த்தாள். வரிசையாகப் படங்கள். பித்தளை வளையம் போட்ட வட்ட ஜன்னல், அதற்கு வெளியே நீலக் கடல். தேக்குக் கட்டில். கைப்பிடியில் பூ வேலை செய்த கதவு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. 'அலமு, கேபின் வசதியா இருக்கு.' 'அலமு, இங்க காபி பரவாயில்லை.' இன்று காலை வந்ததுதான் கடைசி: 'அலமு, சாயங்காலம் கப்பல் கரை சேரறது. இறங்கிடுவேன். அப்புறம் மெசேஜ் வராது.'

அந்தக் கடைசி வரி டீனாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. தனியாக இருக்கிற ஆள் செத்துப்போன மனைவிக்கு இப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அனன்யாவுக்கும் தெரிந்திருந்தது.

"எந்தக் கப்பல்?"

"எம்ப்ரஸ் அகஸ்டான்னு ஒண்ணு. அந்தக் காலத்துல பம்பாய்லேர்ந்து லண்டனுக்குப் போயிண்டிருந்ததாம். அதை அச்சு அசலா மறுபடியும் கட்டறோம்னு அல்சூர்ல ஸ்ரீஹர்ஷான்னு ஒருத்தர் கம்பெனி ஆரம்பிச்சார். அம்மாவுக்குக் கப்பல்னா பைத்தியம். ரெண்டு பேருமா கேபின் புக் பண்ணினா."

"டைட்டானிக் மாதிரியா?" என்றான் ராகேஷ்.

"அது மூழ்கின கப்பல். இது மூழ்காம ஓடி ஓடிப் பழைய இரும்புக்குப் போனது."

"கவர்ன்மென்ட் பஸ் மாதிரின்னு சொல்லுங்க."

டீனா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஃபைலைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"புதுக் கப்பல் எவ்வளவு தூரம் கட்டியிருக்காங்க?"

"ஒரு ஆணிகூட அடிக்கலை மேடம்! ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. ஸ்ரீஹர்ஷா போன் ஸ்விட்ச் ஆஃப். இல்லாத கப்பல்லேர்ந்து அப்பா எப்படி இறங்குவார்? யாரோ அவரைக் கொச்சியோ மங்களூரோ கூட்டிண்டு போய் வச்சிருக்கான்னு பயமா இருக்கு. போலீஸ்ல போனா, ரிங் போறது, ஆன்லைன்ல காட்டறது, இதுக்கு எதுக்கு மிஸ்ஸிங் கம்ப்ளெயின்ட்னு கேக்கறா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறார்."

அவளுடைய போன் அடித்தது. ஆபீஸ். வெட்டிவிட்டாள். மறுபடி அடித்தது. படங்களை டீனாவின் போனுக்கு அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"கீழ வண்டியிலேர்ந்தே ஒரு மீட்டிங் அட்டெண்ட் பண்ணணும். எங்க இருக்கார்னு தெரிஞ்சதும் லொகேஷன் அனுப்புங்கோ மேடம். ப்ளீஸ். சாயங்காலத்துக்குள்ள."

அவள் போனதும் ராகேஷ் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்தவன் சிரித்தான்.

"மேடம், இந்தப் பறவைக்கு வேற வேலையே இல்லையா? திங்கக்கிழமை போட்டோல ஜன்னல் ஓரமா பறக்குது. செவ்வாய்க்கிழமையும் அங்கேயே பறக்குது. இன்னிக்கும் அங்கேயே நிக்குது. டிராஃபிக் போலீஸா அது?"

"அப்போ அது கடல் இல்ல, படம்." டீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அபார்ட்மென்ட் கட்டறவன் என்ன பண்றான்? அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடியே சாம்பிள் ஃப்ளாட் போட்டுக் காட்டறான். ஸ்ரீஹர்ஷாவும் இந்த ஊர்க்காரன்தானே? கப்பல் கட்டலைன்னாலும் ஒரு சாம்பிள் கேபின் கட்டியிருப்பான். பெரியவர் அதுலதான் இருக்காரு. அது எங்க இருக்குன்னுதான் தெரியணும்."

"பெங்களூர்ல ஒரே ஒரு ரூமைத் தேடணும். பேஷ்! வாடகைக்குத் தேடினாலே ஆறு மாசம் ஆகுது."

டீனா போனில் கடலின் அடிப்பாகத்தை விரலால் விரித்துக்கொண்டிருந்தாள். அலைகளுக்கும் கீழே, பித்தளை வளையம் தொடங்கும் இடத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஏதோ வெள்ளையாக இருந்தது. இன்னும் விரித்தாள். எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் எண்கள்.

"ராகேஷ், கல்யாண பேனர், கட்சி பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர், எதுவா இருந்தாலும் அடிக்கறவன் கீழ் மூலையில என்ன போடுவான்?"

ராகேஷ் எழுந்தே நின்றுவிட்டான். "கடை பேரும் போன் நம்பரும்! அட கடவுளே. கடலுக்கு அடியில நம்பர் போட்டிருக்கான்!"

கடை பேர் வளையத்துக்குப் பின்னால் போயிருந்தது. நம்பரில் கடைசி ஒன்று மட்டும் மறைந்திருந்தது. ராகேஷ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தான். முதலில் எடுத்த அம்மாள் கன்னடத்தில் வைதாள். அடுத்தவன் கடன் வேண்டுமா என்று கேட்டான். அதற்கடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. நாலாவது ஆள், "செந்தூர் டிஜிட்டல், ஹேளி, சொல்லுங்க," என்றான்.

*

செந்தூர் டிஜிட்டல் அல்சூர் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் அடுத்தது நுழைய முடியாத இடத்தில் இருந்தது. முதலாளி அசோகன் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஃப்ளெக்ஸா? நாங்க ஃப்ளெக்ஸே அடிக்கறதில்ல மேடம். பேன் பண்ணிட்டாங்க இல்ல? விசிட்டிங் கார்டு, இன்விடேஷன், அவ்ளோதான்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மெஷின் கடகடவென்று ஒரு எம்.எல்.ஏ.வின் மீசையை அடித்து வெளியே தள்ளியது.

"அது என்ன சார், விசிட்டிங் கார்டா? கொஞ்சம் பெரிய சைஸ் போல," என்றான் ராகேஷ்.

அசோகன் எட்டிப் போய் மெஷினை நிறுத்தினார்.

டீனா போனை நீட்டினாள். "அண்ணா, நாங்க ரெய்டு இல்ல. இந்தக் கடல் உங்க கடைதானே அடிச்சது?"

"இல்ல."

"கீழே உங்க நம்பர் இருக்கு."

அசோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நம்பரைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயத்துக்கு நடுவே ஒரு பெருமை வந்ததை மறைக்க முடியவில்லை. "நம்பர் போடாதேன்னு அந்த ஸ்ரீஹர்ஷா சார் தலையால அடிச்சுக்கிட்டாரு. கடலுக்கு அடியில எவன் பாக்கப்போறான்னு பசங்க போட்டுட்டானுங்க. பழக்கம் மேடம், கை நிக்காது."

"எங்க கொண்டுபோய் கட்டினீங்க?"

அவர் தயங்கினார். டீனா அந்தக் கடைசி மெசேஜைக் காட்டினாள். அவர் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"ஜோகுபாளையா. ரெண்டாவது கிராஸ், பழைய டைல்ஸ் கோடவுன்," என்றார். "இன்னிக்கு சாயந்திரம் அதைக் காலி பண்றாங்க. பேனரை அவுக்கப் பசங்களை அனுப்பச் சொன்னாங்க. சீக்கிரம் போங்க மேடம்."

*

"நான் பொறந்த தெரு மேடம் அது! எங்க வீட்டுக்குப் பின்னாடி கப்பல் நிக்குது, எனக்கே தெரியல," என்று ராகேஷ் வழி முழுக்கப் புலம்பினான். டீனா ஸ்கூட்டரின் பின்சீட்டில் தூறலை வாங்கிக்கொண்டு யோசித்தாள். கரை சேருவது என்றால் காலி பண்ணுவது. இறங்குவது என்றால் வெளியே வருவது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்து எங்கே போவதாக அந்த மனுஷர் நினைத்திருக்கிறார்? அவன் தோளைத் தட்டி வேகமாகப் போகச் சொன்னாள்.

கோடவுன் வாசலில் யசோதா பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ராகேஷைப் பார்த்ததும், "என்னடா இந்தப் பக்கம்?" என்றாள்.

"யசோதாக்கா, உள்ள ஒரு பெரியவர் இருக்காரா?"

"தாத்தாவா? இருக்காரே. ஆபீஸ் நடந்தப்போ தினம் வந்து அந்த ரூம்ல உக்காந்துட்டுப் போவாரு. கம்பெனிக்காரங்க போனப்புறம், காலி பண்ற வரைக்கும் இருந்துக்கோங்கன்னு ஸ்ரீஹர்ஷா சார் சாவி குடுத்துட்டாரு. காபி குடுத்தேன். ஊட்டா ஆய்த்தா, சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன். ஆய்த்துன்னாரு. என்னா, ஏதாச்சும் பிராப்ளமா?"

டீனாவுக்கு மூச்சு வந்தது.

உள்ளே கோடவுன் இருட்டு. நடுவில் தன்னந்தனியாக நின்றது அந்த ஒற்றை அறை. மூன்று பக்கம் வெறும் பிளைவுட், மரச்சட்டம், முட்டுக்கொடுத்த கட்டைகள். முன்பக்கம் மட்டும் பளபளவென்று தேக்கு, பித்தளை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் கதவில் காய்ந்து கிடந்தன. பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'ஈஸ்ட் ஃபேசிங். முழுக்க வாஸ்து பார்த்த கேபின்கள்.'

"மேடம், கப்பல் திரும்பினா வாஸ்து என்ன ஆகும்?" என்று ராகேஷ் கிசுகிசுத்தான். டீனா கதவைத் தட்டினாள்.

"வந்துட்டியா!" உள்ளேயிருந்து குரல் ஓடி வந்தது. "இதோ, இதோ வந்துட்டேன்!"

கதவு திறந்தது. ஒல்லியான பெரியவர். நெற்றியில் ஒற்றை நாமம், வேட்டி, அதற்கு மேல் இஸ்திரி போட்ட கோட்டு. சிரித்த முகத்தோடு திறந்தவர் டீனாவைப் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். அங்கே ராகேஷ் மட்டும் நின்றிருந்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது.

"நீங்க யாரு?"

"என் பேர் டீனா சார். டிடெக்டிவ். உங்க மக அனன்யா அனுப்பினாங்க."

"ஓ." அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஆள் அனுப்பியிருக்காளா."

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, சின்ன சூட்கேஸ். ஜன்னலுக்கு வெளியே அசோகனின் கடல் அசையாமல் இருந்தது. டீனா இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார்.

"சார், கம்பெனிக்காரங்க உங்களை ஏமாத்திட்டாங்கன்னு பொண்ணு கவலைப்படறாங்க."

"ஏமாத்தறதா? என்னையா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ட்ராயிங்கைப் பார்த்த அன்னிக்கே தெரியும், இந்தக் கப்பல் மிதக்காதுன்னு. பூஜை ரூமுக்கு இடம் விட்டிருந்தான், எஞ்சின் ரூமுக்கு விடலை! அலமுகிட்ட சொல்லலை. அவ அத்தனை சந்தோஷமா இருந்தா. எந்தப் புடவை எடுத்துண்டு போறதுன்னுகூட முடிவு பண்ணிட்டா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து இருந்தீங்க?"

அவர் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "வீட்டுல நாலு ரூம் இருக்கும்மா. ஒண்ணுல உக்காந்துண்டா, மத்த மூணுலயும் ஆள் இல்லேங்கறது தெரிஞ்சுண்டே இருக்கும். இங்க ஒரே ரூம். நான் இருக்கேன். கப்பல் ஃபுல்."

அவர் கையிலிருந்த சட்டையை ராகேஷ் வாங்கி சூட்கேஸில் வைத்தான்.

"போன் ஏன் சார் எடுக்கலை? பொண்ணு பயந்துபோய் இருக்காங்க. அந்தக் கடைசி மெசேஜைப் பார்த்து நானே பயந்துட்டேன்."

"பயப்படணும்னுதானே போட்டேன்," என்றார் பெரியவர், தப்பு செய்து மாட்டிக்கொண்ட சின்னப்பிள்ளை போல. தன் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதோ பாருங்கோ. மாசக்கணக்கா அலமுவுக்கு அனுப்பறேன். எல்லாத்துக்கும் ரெண்டு டிக்கும் சாம்பல். அவதான் இல்லையே, யார் படிப்பா? முந்தாநாள் மத்தியானம் திடீர்னு அத்தனையும் நீலமாயிடுத்து. ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. அப்புறம் புரிஞ்சுது. வீட்டுச் சாவி அனன்யாகிட்டதான் இருக்கு. பொண்ணு ஆத்துக்கு வந்திருக்கா. எல்லாத்தையும் படிச்சுட்டா."

டீனா அந்த நீல டிக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனை எடுத்தேன்னு வச்சுக்கோங்கோ. எங்க இருக்கேள்னு கேப்பா. சொன்னா வண்டி புக் பண்ணி அனுப்புவா. டிரைவர் வந்து ஓ.டி.பி. கேப்பான். எடுக்கலைன்னா? தேடிண்டு அவளே வந்துதானே ஆகணும்? ஞாயித்துக்கிழமையும் அதுக்குத்தான் எடுக்கலை. வருவா வருவான்னு ரெண்டு நாளா கோட்டைப் போட்டுண்டு உக்காந்திருந்தேன்." அவர் சூட்கேஸை மூடினார். "பரவாயில்லை. நீங்க நல்ல கெட்டிக்காரர். சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டேள். லொகேஷன் அனுப்பிடுங்கோ. லாரி வர நேரமாச்சு."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க டீனாவுக்குச் சகிக்கவில்லை. எத்தனையோ பேரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். கண்டுபிடித்ததற்காக வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் ராகேஷ் போனை எடுத்தான். "அனுப்பிடட்டுமா மேடம்?"

"அனுப்பினே, வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

அவள் அனன்யாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அனன்யா. "கிடைச்சுட்டாரா மேடம்? லொகேஷன் அனுப்புங்கோ, நான் உடனே வண்டி புக் பண்ணி..."

"கிடைக்கல," என்றாள் டீனா.

ராகேஷ் வாயைப் பிளந்தான்.

"எனக்குத் தெரிஞ்ச வழியெல்லாம் முடிஞ்சுதும்மா. இனிமே நீங்கதான் தேடணும். போட்டோல அந்த ஜன்னலைப் பாருங்க. கடலுக்கு அடியில ஒரு போன் நம்பர் இருக்கு. அந்தக் கடல் படத்தை அடிச்ச கடையோடது. கடைசி நம்பர் தெரியாது, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. அந்தக் கடைக்காரர் யாரு போனாலும் சொல்ல மாட்டாரு, பெத்த பொண்ணு நேர்ல போனா சொல்லுவாரு. சாயங்காலம் அந்த இடத்தைக் காலி பண்றாங்களாம், லாரி வர்றதுக்குள்ள போங்க."

"மேடம், எனக்கு மீட்டிங் இன்னும்..." எதிர்முனையில் ஏதோ பட்டென்று மூடும் ஓசை. லேப்டாப்பாக இருக்கலாம். "போறேன்," என்றாள் அனன்யா.

ராகேஷ் தலையைச் சொறிந்தான். "கண்டுபிடிச்ச கேஸைக் கண்டுபிடிக்கலைன்னு சொன்ன ஒரே டிடெக்டிவ் நீங்கதான். அசோகன் சார்கிட்ட நான் பேசிடறேன். ரொம்ப நேரம் ஃப்ளெக்ஸே அடிக்கறதில்லன்னு டயலாக் விடாதீங்கன்னு."

லாரி வந்துவிட்டது. இரண்டு பேர் கடப்பாரையோடு இறங்கினார்கள். யசோதா துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வா போ, இன்னும் தாத்தா எறங்கல," என்று அவர்களை விரட்டினாள். மழை வலுத்தது. டீனா தகரக் கூரைக்கு அடியில் நின்று தெருமுனையையே பார்த்தாள். வருவாளா? பாதி வழியில் ஒரு வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளா? இன்னொரு வீட்டுக் கதைக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொள்வானேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். யசோதாவிடமும் வேறு சாக்கு இல்லை.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு உருவம் தெரிந்தது. வண்டி தண்ணீரில் நின்றுவிட்டிருக்க வேண்டும். முழங்கால் வரை சேறு, தொப்பலாக நனைந்த தலை. லேப்டாப் பை இல்லை. பூப்போட்ட உறை போட்ட அந்த போன் மட்டும் நனையாமல் துப்பட்டாவுக்குள் இருந்தது. அனன்யா டீனாவைப் பார்த்து நின்றாள்.

"நீங்க... உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சு..."

டீனா உள்ளே போகும்படி தலையை மட்டும் அசைத்தாள்.

அனன்யா கேபின் கதவைத் தட்டினாள்.

"யாரு? லாரிக்காராளா?" என்றது குரல், உயிரில்லாமல். "இதோ இறங்கறேன்."

"அப்பா, நான்தான்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு கதவுக்கு மிக அருகில், மெதுவாக: "வண்டி அனுப்பியிருக்கியா?"

"இல்லைப்பா. நானே வந்தேன். அந்த நம்பரை ஒவ்வொண்ணா போட்டு, யார் யார்கிட்டயோ திட்டு வாங்கி..." அவளால் முடிக்க முடியவில்லை.

"சாப்பிட்டியா?"

"இல்லைப்பா," என்று அனன்யா அழுதாள். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைப்பா."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

டீனா அங்கே நிற்கவில்லை. ராகேஷ் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழை விட்டிருந்தது. அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். காலையில் சஞ்சய்க்கு அனுப்பிய வரிக்குக் கீழே இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. பதில் இல்லை.

"சஞ்சய் தம்பியா மேடம்?"

"ம். படிச்சுட்டான்."

ராகேஷ் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தான். "எங்க வீடு பக்கத்துலதான். அம்மா களி கிண்டியிருக்கும். வாங்களேன்," என்றான்.

"இன்னொரு நாள் வர்றேன். நீ வண்டியை எடு."

அவன் வண்டியைக் கிளப்பினான். டீனா ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். 'சாப்பிட்டியா?' அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது, சாம்பல் நிறத்தில். லிங்கராஜபுரம் வரும்வரை அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.